ஒரே நம்பரில் இரண்டு வள்ளி

போன வாரம் கீர்த்தனா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றதும் கொடைக்கானல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவை என்னிடமிருந்து ஏற்றுக்கொண்ட பெண் அவள். கெட்டிக்காரி. என்னிடம் இல்லாத பொறுமை அவளிடம் உண்டு. புது வெர்ஷன் வந்திருக்கிறதாம். ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் அதுவே கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடுமாம். செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக் வைத்தால் போதுமாம். வைக்கட்டுமா சார் என்று கேட்டாள்.

வைத்தால் பஜாரிலிருந்து நடந்தே வந்து உன் கீபோர்டை ஏரியில் தூக்கிப் போடுவேன் என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பது புரிந்ததும், ஏன் சார் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அது போனில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இந்த வேலைக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் படித்தால் நல்லதுதான்.

என் பெயர் சிக்கந்தர். ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு சிக்கந்தர், மற்ற எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பாய். கொடைக்கானல் பஜாரில் அத்தாவுக்குக் கம்பளி, ஸ்வெட்டர் கடை இருந்தது. மகன் கல்லாவில் உட்காருவான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்க, நான் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மதுரையில் ரிப்பேர் கடை ஒன்றில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மினுங்கிய காலம் அது. பிறகு மலைக்கே திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். என் படிப்புக் கதை இவ்வளவுதான்.

கீழே கம்ப்யூட்டர் சூட்டில் சாகும். மலையில் ஈரத்தில் சாகும். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். கல்யாணப் பட்டுப்புடவை வைத்திருக்கிற பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்களே, அதேபோல சர்வர் அலமாரிக்குள் நானும் ஒரு குண்டு பல்பு எரியவிட்டிருந்தேன். கூரைமேல் போகிற கேபிளைக் குரங்கு கடிக்கும். மழைக்காலம் முழுக்க கரண்டு கண்ணாமூச்சி ஆடும். இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். குரங்காவது கல்லைக் காட்டினால் ஓடும். ஆபரேட்டிங் சிஸ்டம் எதற்கும் ஓடாது.

அது என்ன ஜென்மமோ தெரியாது. கஷ்டப்பட்டு ஒன்றைப் பழகி, வார்டு நர்ஸ்கள் வரைக்கும் பழக்கிவைத்து, அப்பாடா என்று உட்காரும்போது அடுத்தது வந்துவிடும். வந்த மறுநாள் பிரின்டர் வேலை செய்யாது. பிரின்டரைச் சரி செய்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். கேட்காமலே அப்டேட் போட்டுக்கொள்ளும். மருந்தகத்தில் வரிசை வாசல்வரை நிற்கும்போது, சற்றுப் பொறுக்கவும் என்று திரையில் வட்டம் சுற்றும். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன்.

எக்ஸ்ரே அறையில் மட்டும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் நிம்மதியாக இருந்தது. எக்ஸ்ரே மெஷினோடு வந்த மென்பொருள் அந்தப் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். மென்பொருளை எழுதிய கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. ஆகவே அதன் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, எந்த அப்டேட்டும் அண்டாமல் தனியே வைத்திருந்தேன். எப்போதோ ஏற்றிய ஆஸ்பத்திரி மென்பொருளும் அதில் அப்படியே கிடந்தது. மியூசியம் எப்படி இருக்கு பாய் என்று எல்லாரும் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தலைமை மருத்துவர் கிரேஸ் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தமாட்டார். திட்டமாட்டார். யார் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "தெரியுமா, நினைக்கிறீங்களா?" நினைக்கிறேன் என்றால், தெரிந்துகொண்டு வாங்க என்று அனுப்பிவிடுவார். நெட்வொர்க் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். சுவிட்ச் பழுதாக இருக்கும்மா என்றேன். இருக்குமா, இருக்கா என்றார். அன்று மாடி மாடியாக ஏறி இறங்கினேன். எலி கடித்த வயர்தான் காரணம். அதன் பிறகு அவர் அறைக்குள் நுழையுமுன் வாசலிலேயே அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். புதியதைப் போட்டே ஆகவேண்டும். அதில் ஆஸ்பத்திரியின் பழைய மென்பொருள் ஓடாது. ஆகவே அதற்கும் புதிய வெர்ஷன் வாங்கவேண்டும். காலுக்குச் செருப்பு வாங்கப் போனால் செருப்புக்கேற்ற கால் வாங்கச் சொன்ன கதை. மென்பொருள் கம்பெனியின் இளைஞர் ஒருவர் சென்னையில் இருந்தபடியே எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்தார். மாற்றுவதற்கு முன் பழைய தரவு முழுவதையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து அந்தக் குண்டு பல்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

பிறகு ஒருநாள் காலையில் ஜீப் ராசு என் அறை வாசலில் வந்து நின்றான். மேல்மலையில் பூண்டி என்று ஒரு ஊர். வெள்ளைப்பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். அங்கிருந்து தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வந்து, மதியம் திரும்ப ஏற்றிப் போகிறவன் ராசு. அன்றும் சிலரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் காத்திருந்தான்.

"பாய், ஒரு சோலியா வந்தேன். உங்க ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு மெசேஜா வந்து குமியுது. வள்ளிக்கு ஏழாம் மாசம், ஸ்கேனுக்கு வான்னு வருது. எம் பொண்டாட்டி போனப் பிடுங்கிப் பாத்துட்டு, யாருய்யா அந்த வள்ளின்னு நிக்கிறா. ஊர்ல அஞ்சாறு வள்ளி இருக்காகடி, எந்த வள்ளின்னு நான் கண்டேன்னு சொன்னேன். அது இன்னும் வெனையாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மெசேஜையெல்லாம் இப்போது பார்ப்பதே இல்லை என்றான். ஆஸ்பத்திரிப் பெயரைக் கண்டாலே அழித்துவிடுவானாம். உன் நம்பர் எப்படி வந்தது என்று கேட்டேன். அவன் சொன்ன பிறகுதான் சங்கதி தெரிந்தது. பூண்டியில் பாதி வீடுகளில் சிக்னல் எடுக்காது. ஊரிலிருந்து தினமும் டவுனுக்கு வருகிற ஆள் ராசு. ஆகவே ஆஸ்பத்திரி கவுன்டரில் போன் நம்பர் கேட்டால் எல்லாரும் ராசுவின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். ஏதாவது என்றால் ராசுவுக்குச் சொன்னால் போதும், ஊருக்குச் சொன்ன மாதிரி. அவர்களைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அப்போது தப்பாகத் தெரியவில்லை. சரி, நம்பரை எடுத்துவிடுகிறேன், போய்ப் பொண்டாட்டியைச் சமாதானம் பண்ணு என்று அனுப்பிவைத்தேன்.

அவன் போனதும் வள்ளி, பூண்டி என்று தேடினேன். ஐந்தாறு வள்ளி என்றானே, திரையில் ஒரே ஒரு வள்ளிதான் வந்தாள். திறந்து பார்த்தேன். கணவர் பெயர் வேல்முருகன். எடை ஒரு இடத்தில் நாற்பத்தைந்து கிலோ, இன்னொரு இடத்தில் எழுபது. யாரோ தப்பாக அடித்திருப்பார்கள் என்று கீழே இறங்கினேன். சில வருடங்களுக்கு முன் அறுவை சிகிச்சை, கர்ப்பப்பை எடுக்கப்பட்டது. அதற்குக் கீழே, போன மாதத் தேதியில், கர்ப்பப் பரிசோதனை, குழந்தையின் இதயத்துடிப்பு சீராக உள்ளது.

இரண்டு தடவை வாசித்தேன்.

சென்னை இளைஞருக்குப் போன் அடித்தேன். அவர் உற்சாகமாகவே சொன்னார்: ஒரே ஆளின் பதிவுகளைத் தானாக ஒன்றுசேர்க்கும் வசதி, சார், புது வெர்ஷனில் டிக் போட்டே வரும். பெயர், ஊர், கணவர் பெயர் ஏறக்குறைய ஒத்து, மொபைல் நம்பரும் ஒன்றாக இருந்தால் சேர்த்துவிடும். வயதைக் கணக்கில் எடுப்பதில்லை, கிராமத்தில் யாரும் வயதைச் சரியாகச் சொல்வதில்லையே. மொபைல் நம்பர் ஆளுக்கு ஒன்றுதானே சார், அது தப்பாது என்றார். தம்பி, இங்கே ஊருக்கு ஒன்று என்றேன். இரண்டு பதிவிலும் வேறு வேறு தகவல் இருந்தால் எதை வைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். கடைசியாக வந்ததை என்றார்.

அதாவது, கடைசியாக வந்த வள்ளிக்கு ஒன்றுமில்லை என்று இருந்தால், முதல் வள்ளிக்கு இருந்தது அழிந்துவிடும். என்ன அழிந்தது என்பதைப் பழைய தரவில்தான் பார்க்கமுடியும். பழைய தரவோ பழைய மென்பொருளில்தான் திறக்கும். பழைய மென்பொருள் உயிரோடு இருந்த ஒரே இடம் எக்ஸ்ரே அறை.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே ஒருவர் நெஞ்சைப் பலகையில் ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எக்ஸ்ரேக்காரர் என்னை முறைத்தார். ஒரு நிமிஷம் என்று கெஞ்சி உட்கார்ந்தேன். கிழட்டுக் கம்ப்யூட்டர் தன் வேகத்தில்தான் வரும். மவுஸை அசைத்தால் அம்பு யோசித்து நகரும். வா தாயே, வா தாயே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகத் திறந்தது. பூண்டி வள்ளி என்று அடித்ததும் இரண்டு வள்ளிகள் தனித்தனியாக வந்தார்கள். கணவர் வேலு, வயது நாற்பதைத் தாண்டியவர் ஒருவர். கணவர் வேல்முருகன், இருபதுகளில் ஒருவர். பெரிய வள்ளியின் பக்கத்தைத் திறந்தேன். உச்சியில் சிவப்பு எழுத்து: பென்சிலின் ஆகாது, முன்பு மூச்சு அடைத்து ஆபத்தான நிலை.

புதிய சிஸ்டத்தில் அந்தச் சிவப்பு எழுத்து இல்லை. ஒவ்வாமை என்ற இடத்தில், எதுவுமில்லை என்று இருந்தது. அது சின்ன வள்ளியின் பதில்.

என் அறைக்குத் திரும்பி அன்றைய வருகைகளைப் பார்த்தேன். பூண்டி வள்ளி, நாற்பதைத் தாண்டியவர், இன்று காலை, மண்வெட்டி பட்டுக் காலில் புண், சீழ். புதிதாகச் சேர்ந்த டாக்டர் கட்டுப் போட்டு மாத்திரை எழுதியிருந்தார். பென்சிலின் வகை. மருந்தகம், கொடுக்கப்பட்டது என்று குறித்திருந்தது.

மருந்தகத்துக்கு ஓடினேன். வாங்கிக்கொண்டு போய் வெகுநேரம் ஆயிற்று என்றார்கள். வாசலுக்கு ஓடினேன். ஜீப் நிற்கிற இடத்தில் ஜீப் இல்லை. டீக்கடைக்காரர், மேல்மலை வண்டி அப்பவே கிளம்பிருச்சே பாய் என்றார்.

கிரேஸ் அம்மாவின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தது அன்று ஒருநாள்தான். மூச்சு வாங்கச் சொன்னேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"தெரியுமா, நினைக்கிறீங்களா?"

"இந்தம்மா விஷயம் தெரியும்மா. மத்தவங்க விஷயம் நினைக்கிறேன். இன்னும் எத்தனை பேரை இப்படி ஒண்ணாக்கி வச்சிருக்குன்னு எனக்குத் தெரியாது."

இந்தத் தடவை தெரிந்துகொண்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை. ஒரே மூச்சில் உத்தரவுகள் வந்தன. எந்த வார்டிலும் திரையைப் பார்த்து மருந்து கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு நோயாளியையும் வாயால் கேட்கவேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பட்டும், நானும் வருகிறேன். பிறகு என்னைப் பார்த்தார். "சர்வரை நிறுத்திட்டு வண்டிக்கு வாங்க. ராசுவைக் கூப்பிட்டுக்கிட்டே வாங்க."

சர்வரை அணைக்கப் போனேன். பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றத் தொடங்கியது. புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம். அடப் பாவி, இன்றைக்குமா என்று இருந்தது. இத்தனை வருஷமாக யாரும் செய்யக்கூடாது என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததை நானே செய்தேன். பின்பக்கம் போய் வயரை மொத்தமாகப் பிடுங்கினேன். ஆஸ்பத்திரி முழுக்க திரைகள் செத்தன. மாடியிலிருந்து யாரோ பாய் என்று கத்துவது கேட்டது. நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் கிரேஸ் அம்மா, ஒரு நர்ஸ், டிரைவர், நான். ராசுவின் நம்பரை அழுத்தினேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடி அழுத்தினேன். மறுபடி சொன்னாள். அப்சர்வேட்டரி தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. டிரைவர் விளக்கைப் போட்டு, ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டினார். எதிரே சுற்றுலா வேன் ஒன்று நடுரோட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா ஜன்னல் வழியாக அவர்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மெசேஜ் அனுப்பிவையுங்கள், சிக்னல் கிடைத்ததும் போகுமே என்றார் கிரேஸ் அம்மா. ராசு எங்கள் மெசேஜைப் படிக்கமாட்டானம்மா, நாம்தான் அவனை அப்படி ஆக்கிவைத்திருக்கிறோம் என்றேன். ஆனால் ஜீப்காரனுக்கு ஒரு குணம் உண்டு. மெசேஜை விடுவான், தவறிய அழைப்பை விடமாட்டான். தெரியாத நம்பரிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தால் அது சவாரியாகத்தான் இருக்கும். எந்த வளைவில் சிக்னல் எட்டிப் பார்த்தாலும், இந்த நம்பர் இத்தனை தடவை அழைத்தது என்று அவன் போனுக்குத் தகவல் போகும். ஆகவே எடுக்கமாட்டான் என்று தெரிந்தே அழுத்திக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப்போனது. அந்தம்மா எப்போது மாத்திரை போடுவார் என்பது ஒன்றே மனசில் ஓடியது. சாப்பிட்டபின் போடவும் என்று சொல்லியிருப்பார்கள். மேல்மலை வண்டிகள் பூம்பாறையில் டீக்கு நிற்கும்.

பூம்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது.

"யாரு? சவாரியா?" என்றான் ராசு.

"ராசு, சிக்கந்தர் பேசறேன். வள்ளி மாத்திரை போட்டாங்களா?"

"எந்த வள்ளி பாய்? வண்டியில ரெண்டு வள்ளி இருக்கே."

"கால்ல கட்டுப் போட்டவங்கப்பா!"

பின்னால் திரும்பிக் கேட்கிற சத்தம் வந்தது. பெண்கள் பேசினார்கள். பிறகு ராசு சொன்னான்: "பூம்பாறையில டீயும் பன்னும் தின்னுட்டுப் போட்டுக்கிருச்சாம். இப்ப உடம்பெல்லாம் தடிச்சுக் கெடக்கு, சொறிஞ்சுக்கிட்டே வருது. கம்பளிப்பூச்சி பட்டிருக்கும்னு நான்தான் சொன்னேன்."

கிரேஸ் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். வண்டியைத் திருப்புங்க ராசு, நாங்க எதிர்ல வர்றோம் என்றார். உதடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வீங்கியிருக்கிறதாம். பேசச் சொல்லுங்க என்றார். தொண்டை கம்மிக்கொண்டது, பேச்சு வரவில்லை என்றான். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடிக்கட்டும், மூச்சுவிடத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவையுங்கள், நடக்கவிடவே கூடாது என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. ஊசி மருந்தை இப்போதே எடுத்து வையுங்கள் என்று நர்ஸிடம் சொன்னபோதும் அதே குரல். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அதன் பிறகு ஓடிய கொஞ்ச தூரம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பயந்தேன். பயத்தில் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். அந்த அம்மாவை எனக்குத் தெரியாது, முகம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சிவப்பு எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். அது இருந்ததையும், இல்லாமல் போனதையும் கண்ணால் பார்த்தவன் நான் மட்டும்தான்.

பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. ராசு ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்து ஓடிவந்தான். "வெரசா வாங்கம்மா, வெரசா வாங்க," என்று அழுதுகொண்டே சொன்னான். பின்சீட்டில் பெரிய வள்ளியை ஒரு கர்ப்பிணிப் பெண் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவள்தான் சின்ன வள்ளி என்பது பிறகு தெரிந்தது. பெரிய வள்ளியின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி சத்தம். கிரேஸ் அம்மா ஜீப்பில் ஏறி, சேலைக்கு மேலேயே தொடையில் ஊசியைப் போட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். நாடியைப் பிடித்தபடி அவர் வாட்சைப் பார்த்தார். விசில் குறையவில்லை. இன்னொன்று என்று கை நீட்டினார். இரண்டாவது ஊசியும் போயிற்று. சின்ன வள்ளி மட்டும், யக்கா, யக்கா என்று காதருகே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மெல்ல மெல்ல விசில் இறங்கியது. பெரிய வள்ளி ஒரு தடவை இருமினார். தண்ணி என்றார். ராசு ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி பல நாள் திரை இல்லாமல் வாய்ப்பேச்சிலேயே நடந்தது. சென்னைக் கம்பெனி முதலில், நம்பரைச் சரியாக வாங்காதது உங்கள் கவுன்டர்தானே என்றது. எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது. கிரேஸ் அம்மா போனை வாங்கி, அந்த வசதியை வெட்டி எடுத்த பிறகு கூப்பிடுங்கள், அதுவரை உங்கள் மென்பொருள் இந்த வாசலுக்குள் வராது என்று வைத்துவிட்டார். வெட்டி எடுத்தார்கள். பழைய தரவைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொரு பதிவாகப் பார்த்தேன். அடுக்கத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் நம்பரில் ஒரு தெருவே இருந்தது. பாச்சலூர் பக்கத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரை ஒரே ஆளாக்கி, ஒருவருடைய சர்க்கரை மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கக் காத்திருந்தது. நல்லவேளை அவர் அந்த மாதம் வரவில்லை.

பெரிய வள்ளியை வார்டில் போய்ப் பார்த்தேன். மருந்து எதுவும் சேராதா என்று டாக்டர் அன்று கேட்டாராம். கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். "மொதத் தடவ படுத்திருந்தப்ப நர்சம்மா அப்படித்தான சொன்னாக. இனிமே நீ ஞாபகம் வச்சுக்கிற வேண்டியதில்ல, கம்ப்யூட்டரு வச்சுக்கிரும்னு." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று ராசு அவரை என் அறைக்கு அழைத்துவந்தான். அந்தப் பெட்டியைப் பார்க்கவேண்டுமாம். சின்ன வள்ளி பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள், நிறைமாதம் போல வயிறு தள்ளியிருந்தது. சர்வரைக் காட்டினேன். இம்புட்டுத்தானா என்றார் பெரிய வள்ளி. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். திரையில் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். தன் பெயருக்கு மேலே இருந்த சிவப்பைத் தொட்டுப் பார்த்தார். கீழ் வரிசையில் சின்ன வள்ளியின் பெயர் தனியாக இருந்தது. அன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தமா என்றார். ஆமாம் என்றேன்.

தன் பெயரிலிருந்து சின்ன வள்ளியின் பெயர் வரைக்கும் விரலை இறக்கினார்.

"அப்ப நான் செத்திருந்தா, இதுல எந்த வள்ளி செத்ததா இருந்திருக்கும் பாய்?"

ராசு, கேக்குறதப் பாரு என்று சிரித்தான். எனக்கு அந்த மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. மரணம் என்று பதிந்தால் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கிற ஸ்கேன் ரத்தாகும், பிரசவ வார்டில் ஒதுக்கிய படுக்கை ரத்தாகும். வலி எடுத்து கவுன்டரில் வந்து நிற்கிறவளிடம், இந்த நோயாளி உயிரோடு இல்லை என்று திரை சொல்லும்.

வாசலில் சின்ன வள்ளி பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு பேரும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.